நீலத் தூணின் பின்பக்கம்

சைக்கிள்காரர்களை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனதில் ஒன்று வைத்துக்கொண்டு பேசினான் என்று யாரும் சொல்லக் கூடாது. வட இத்தாலியில் எங்கள் மோந்தெவால் ஊரில், கோயிலுக்கு எதிரே இருக்கும் ஒரே காபிக் கடை என்னுடையது. மே மாதம் பிறந்தால் போதும், வந்துவிடுவார்கள். காலணியின் அடியில் இரும்பை வைத்துக்கொண்டு என் தரையை டக் டக்கென்று கொத்திக்கொண்டே நடப்பார்கள். உடம்போடு ஒட்டிய காற்சட்டை. பார்க்க வேண்டாததையெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டும். எழுந்து போன நாற்காலியில் வியர்வை ஈரம் வட்டமாக நிற்கும். காபி வாங்குகிறவன் ஒருவன், கழிப்பறைக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர். அந்தக் கழிப்பறைக் குழாயிலேயே குடிதண்ணீர் பாட்டிலையும் நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் காலையில் மட்டுமே குடிக்கிற நுரை போட்ட பால் காபியை, மதியச் சாப்பாட்டில் பாஸ்தாவைத் தின்றுகொண்டே கேட்பார்கள். கொடுத்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

என் புலம்பல் கிடக்கட்டும். சொல்ல வந்தது செரஃபீனாவைப் பற்றி.

சைக்கிள் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளை வேன் வரும். அவர்களுடைய பெட்டிகள், வாழைப்பழம், தண்ணீர், சலாமி இறைச்சி, காற்றடிக்கும் பம்பு, மலையேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்ட ஆட்கள், எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வரும். அதை ஓட்டியவள் செரஃபீனா. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். குள்ளம். ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் முக்கிக்கொண்டிருப்பார்கள். இவள் வந்து ஒற்றைக் கையால் வாங்கி மேலே எறிவாள்.

அவள் எங்கள் மலைக்காரி இல்லை. எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பெண்கள், திராட்சைத் தோட்டக்காரன் ஒருவனையும் கட்டிக்கொள்ள மாட்டோம் என்று தூரின் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். சேறும் மாமியாரும் யாருக்கு வேண்டும்? கல்யாணத் தரகர்கள் ரயிலேறித் தெற்கே கலாபிரியாவுக்குப் போனார்கள். அங்கே பெண் உண்டு, நிலம் இல்லை; இங்கே நிலம் உண்டு, பெண் இல்லை. ஒரு புகைப்படத்தைக் காட்டி, மூன்று குன்று சொந்தம் என்று சொல்லித்தான் எங்கள் ஊர்த் துயிலியோவுக்கு இவளைக் கட்டி வைத்தார்கள். வந்து இறங்கிப் பார்த்தால் வடக்கே பார்த்த ஒரு சரிவு, ஒரு மாடு, ஒரு மாமியார்.

துயிலியோ நல்லவன். வாயைத் திறந்து பேசமாட்டான், அவ்வளவுதான். அவள் மிளகாயை அள்ளிப் போட்டுச் சமைத்ததை மூக்கைச் சிந்திக்கொண்டே தட்டு காலியாகும்வரை தின்பான். மாமியார் அந்தத் தட்டைத் தனியாகக் கழுவச் சொல்வாள். ஊர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. தெற்கத்திக்காரி என்றது. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை; அதற்கும் ஊரிடம் ஒரு பேச்சு இருந்தது. எதைத் தின்று வளர்ந்தவளோ, வயிற்றில் நெருப்பு இருந்தால் பயிர் எப்படி நிற்கும் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். நாக்கில் நரம்பில்லாத ஊர் எங்களுடையது. வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது. என்ன அன்பான கிராமம் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

கல்யாணப் பெட்டியில் பாவாடைகளுக்கு நடுவே சுற்றி அவள் ஒரு மாதா சுரூபம் கொண்டு வந்திருந்தாள். முழங்கை உயரம், மண் சுரூபம், சிவப்பு அங்கி, ஓரத்தில் தங்கப் பூச்சு. மாமியார் பார்த்தாள். “இதென்ன சந்தையில விக்கிற பொம்மையாட்டம்? எங்க மாதா நீலந்தான் உடுத்துவா,” என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாமியார் செத்த மறுநாள் துயிலியோவே அதை வெளியே எடுத்து, தன் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தான். கட்டிய புருஷன் தனக்காகச் செய்த காரியங்களில் அவள் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

எங்கள் மலைகளில் நோயில் சாகிறவர்களுக்குச் சமமாக டிராக்டரில் சாகிறவர்களும் உண்டு. ஒரு செப்டம்பர் மாதம், அறுவடைக்கு முந்தின வாரம், அந்தச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து துயிலியோ அடியில் போய்விட்டான். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று தேடிப் போய் முதலில் பார்த்தவள் அவள். கத்தவில்லையாம். கீழே உட்கார்ந்து அவன் தலையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள் என்று பிறகு போனவர்கள் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் சாலை முடக்குகளில் மாதாவுக்குத் தூண் கட்டுவது வழக்கம். ஆள் உயரத்துக்குச் செங்கல் தூண், மேலே ஒரு மாடம், மாடத்தில் சுரூபம். நேர்த்திக்கும் கட்டுவார்கள், சாவுக்கும் கட்டுவார்கள். கட்டின குடும்பம்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் ஒரு பூவைக்கூட நகர்த்தமாட்டான். செரஃபீனா தன் சரிவின் உச்சியில், சாலை வளைகிற இடத்தில், இடிந்த கோழிக் கொட்டகையின் செங்கல்லைச் சுமந்து போய்த் தானே தூணைக் கட்டினாள். அந்தச் சிவப்பு மாதாவை மாடத்தில் வைத்தாள். அதன் பிறகு சாயங்காலமானால் அங்கே போய் நிற்பாள். தெற்கத்தி பாஷையில் துயிலியோவுக்கு அன்றைய சேதி சொல்வாள். இன்ன கொடியில் பூஞ்சை, இன்னார் வீட்டில் சண்டை, மழை வரும் போலிருக்கிறது, இப்படி. உயிரோடு இருந்தபோது பதில் சொல்லாதவன் இப்போதும் சொல்லவில்லை, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஊரில் தன்னுடையது என்று அவள் நினைத்தது அந்த இடம் ஒன்றைத்தான்.

ஒற்றைச் சரிவுத் திராட்சை ஒருத்திக்கும் சோறு போடாது. தூரினிலிருந்து ரிக்கார்தோ என்ற பையன் வந்து சைக்கிள் சுற்றுலாக் கம்பெனி தொடங்கியபோது இவள் வேன் ஓட்டப் போனாள். முப்பது வயதிருக்கும் அவனுக்கு. வெளுத்த பல், கழுத்தில் கறுப்புக் கண்ணாடி, பேச்சில் தேன். கிராமம், மலை, மது, உண்மையான மனிதர்கள் என்று நான்கு பாஷையில் பேசுவான். அவன் முன்னால் சைக்கிளில் போவான், கூட்டம் பின்னால் போகும், எல்லோருக்கும் பின்னால் செரஃபீனா.

அவள் அந்த வேனில் பார்த்ததையெல்லாம் என் கடையில் வந்து சொல்வாள். மலை ஏற முடியாதவன் வண்டியில் ஏறிக்கொண்டு, “என் மனைவியிடம் சொல்லாதே” என்பானாம். உச்சிக்கு ஒரு வளைவு இருக்கும்போது இறக்கிவிடச் சொல்லி, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு ஏறிப் போவானாம். மேலே நிற்கிறவர்கள் கை தட்டுவார்களாம். தட்டுகிறவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் அதே வேனில் வந்தவர்கள். கொழகொழவென்று ஏதோ சர்க்கரைப் பசையைப் பையிலிருந்து உறிஞ்சிவிட்டு, காலிப் பையைத் திராட்சை வரிசைக்குள் வீசுவார்கள். இயற்கை, இயற்கை என்று அவர்களேதான் நூறு தடவை சொல்வார்கள். அறுவடையில் அந்தப் பிசுபிசுத்த பைகளைக் குலையோடு சேர்த்துப் பறித்திருக்கிறாள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு நாள் சிரிக்கவில்லை. காபியைத் தொடாமல் நின்றாள்.

“எவாஸியோ, உன் கடைக் கழிப்பறையில ஒருத்தன் மூத்திரம் போனா என்ன பண்ணுவே?”

“அதுக்குத்தானே அத வெச்சிருக்கேன்.”

“உங்கப்பா கல்லறையில போனா?”

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவள் சொன்னாள். ரிக்கார்தோ புதுப் பாதை போட்டிருந்தான். அந்தப் பாதையில் ஏற்றம் முடிகிற இடம் துயிலியோவின் தூண். உச்சியில் சமதளம், கீழே மூன்று பள்ளத்தாக்கு தெரியும், வேன் நிற்கவும் இடம் உண்டு. எல்லோரும் அங்கேதான் நின்று தின்றார்கள், குடித்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு ஆண்கள் ஒவ்வொருவராகத் தூணுக்குப் பின்னால் போனார்கள். சாலையிலிருந்து மறைகிற ஒரே இடம் அதுதான்.

“ஒருத்தன் பின்னாடியே போய் நின்னேன்,” என்றாள். “என்னடா பண்றேன்னு எங்க பாஷையிலயே கேட்டேன். திரும்பிப் பாத்துச் சிரிச்சான். ரொம்ப அழகான ஊருன்னான். சட்டைய இழுத்துவிட்டுட்டு, கை கொடுக்குறான் எனக்கு. அந்தக் கைய.”

“நீ கொடுத்தியா?”

“வண்டி ஓட்டுறவ நான். அவன் விருந்தாளி. கொடுத்தேன்.” தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள்.

அந்த வாரமே ரிக்கார்தோவை என் கடையிலேயே பிடித்துக் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

“அங்க நிறுத்தாதீங்க தம்பி. இன்னும் கொஞ்சம் கீழ போனா மரத்தடி இருக்கு.”

“மரத்தடியில என்னம்மா தெரியும்? மேல நின்னாத்தானே பள்ளத்தாக்கு தெரியுது.”

“அப்ப பின்னாடி போகக் கூடாதுன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்மா. ஆனா எல்லாரும் வயசானவங்க. ஏறி வந்த உடனே அடக்க முடியாது. மழை பேஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும்.”

“அது என் புருஷன் செத்த இடம்.”

“தெரியும்மா. அத நான் ரொம்ப மதிக்கிறேன்.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னான். அந்தக் கையை முறுக்க வேண்டும்போல் எனக்கு இருந்தது. மதிக்கிறேன் என்று சொன்ன மறுநாளும் அதே இடத்தில்தான் நிறுத்தினான்.

வெயில் ஏற ஏற நாற்றம் ஏறியது. மழை பெய்து கழுவவில்லை. அந்தக் கோடையில் மழையே இல்லை. தூணின் பின்பக்கம் சுண்ணாம்பு பெயர்ந்து மஞ்சளாக ஊறியது. ஈ மொய்த்தது. சாயங்காலம் துயிலியோவோடு பேசப் போகிறவள் முதலில் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு போக வேண்டியதாயிற்று. கழுவி முடித்த பிறகு பேச ஒன்றும் வரவில்லை என்றாள். மூக்கைப் பொத்திக்கொண்டு யாரோடு பேச முடியும்?

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். எங்கள் மலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

திராட்சைக்குப் பூஞ்சை வராமல் இருக்க மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கரைத்து அடிப்போம். நீலமாக இருக்கும். சாலையோர வரிசைகளில் மட்டும் அதை வேண்டுமென்றே கெட்டியாக, இலையும் குலையும் நிறம் மாறும்படி அடிப்போம். வழியில் போகிறவன் குலையைக் கிள்ளி வாயில் போடக் கூடாது என்பதற்காக. நீலம் கண்டால் விஷம், தொடாதே, தள்ளி நில் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் அது தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை செரஃபீனா ஒரு பீப்பாய் நிறையக் கரைத்துத் துடைப்பத்தால் தூணைப் பூசினாள். முதலில் பின்பக்கம் மட்டும்தான் பூசினாள். மனம் ஆறவில்லை. பக்கங்களையும் பூசினாள், முன்பக்கத்தையும் பூசினாள். மாடமும் மாதாவும் மட்டும் மிச்சம்.

“இனிமே ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்,” என்று நீலக் கையோடு வந்து சொன்னாள். நானும், “சரியான வேலை பண்ணே,” என்றேன். எனக்கும் அதற்குமேல் புத்தி போகவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. மறுநாள் ஏறி வந்த கூட்டம் நீலத் தூணைப் பார்த்துக் கூவியது. வானம் நீலம், தூண் நீலம், நடுவில் சிவப்பு மாதா. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஒரு பெண் தூணைக் கட்டிக்கொண்டு நின்று, நீலம் ஒட்டிய கன்னத்தைக் கழுவமாட்டேன் என்றாளாம். ரிக்கார்தோ செரஃபீனாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, “அம்மா, உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?” என்று கேட்டானாம். படம் எடுத்து முடித்தவர்கள் வழக்கம்போலப் பின்னால் போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவன் கம்பெனியின் விளம்பரத்தில் முதல் படம் நீலத் தூண். அதைப் பார்த்து வேறு கம்பெனிகளும் வந்தன. எங்கள் ஊர்த் தலைவன் பியெரீனோ அங்கே ஒரு பெஞ்சும் ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்தான். கழிப்பறை ஒன்று வை என்று நான் சபையில் எழுந்து கேட்டதற்கு, இயற்கை அழகு கெட்டுவிடும் என்றான். நாற்பது வருஷம் செரஃபீனாவுக்கு வணக்கம் சொல்லாத ஆள், இப்போது சாலையில் கண்டால் வண்டியை நிறுத்தி, “நம்ம செரஃபீனா,” என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. தெற்கத்திக்காரி என்று சொன்ன வாய்களெல்லாம் நம்ம செரஃபீனா என்றன. வீட்டை வாடகைக்கு விட்டவனுக்கும் லாபம், தேன் விற்றவனுக்கும் லாபம். நீலத் தூண் படம் போட்ட அட்டைகளை என் கடையிலும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் எடுத்துக் குப்பையில் போட்டேன். என் மனைவி குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி அடுக்கினாள்.

ஊருக்கே ஆதாயம் என்ற பிறகு அந்த நாற்றம் ஒருவர் மூக்கிலும் ஏறவில்லை. அதுதான் எனக்கு ஆறாத அருவருப்பு. வெளியூர்க்காரனுக்குத் தெரியாது, மூத்திரம் போகிறான். எங்களுக்குத் தெரியும்.

வெறும் தூணை எத்தனை நாள் காட்டுவது? அதற்கொரு கதை வேண்டுமே. ரிக்கார்தோ ஒன்று கட்டினான். இறந்துபோன கணவனின் கண்கள் நீலம், அந்தக் கண்களை மறக்க முடியாமல் விதவை தன் கையாலேயே தூணுக்கு நீலம் பூசினாள் என்று. கதை முடியும்போது வேன் பக்கம் கையைக் காட்டுவான். எல்லோரும் திரும்பி, வாழைப்பழம் அடுக்கிக்கொண்டிருந்த செரஃபீனாவைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். சில பேர் கண்ணைத் துடைப்பார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவே சில வாரம் ஆனது.

“அவரு கண்ணு பழுப்பு,” என்று என் கடையில் அவனிடம் சொன்னாள்.

“பழுப்புக்குக் கதை இல்லையேம்மா.”

“மூத்திரம் போறானுங்கன்னுதான் பூசினேன். அதச் சொல்லுங்க.”

அவன் சிரித்தான், அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து. பிறகு கேட்டான்: “அம்மா, உங்ககிட்ட கறுப்பு கவுன் இருக்கா? தலையில கட்டுற துணி? இந்த ஜீன்ஸ் வேணாம். வேனவிட்டு இறங்குறப்ப மட்டும் அதப் போட்டுக்கிட்டா போதும்.”

நான் கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இவள் இப்போது அவனை அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் அறையவில்லை. காபிக்குக் காசை வைத்துவிட்டுப் போனாள். என் கடையில் அவள் பேசுவதும் அன்றோடு குறைந்தது. வேன் ஓட்டினாள், பெட்டி தூக்கினாள், வாழைப்பழம் அடுக்கினாள். கறுப்பு கவுன் மட்டும் போடவில்லை. சாயங்காலத்தில் தூண் பக்கம் அவளைக் காணோம். வேலை அலுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

துயிலியோ செத்த நாளில் வருஷா வருஷம் தூணடியில் ஒரு ஜெபம் உண்டு. பங்குச் சாமியார் தெல்மோ வருவார், அக்கம்பக்கத்துக்காரர்கள் வருவோம். ஜெபம் முடிந்ததும் மேஜை போட்டு ரொட்டியும், சலாமியும், பூண்டும் கீரையும் அரைத்து ஊறவைத்த உப்பு நெத்திலியும், எங்கள் பார்பெரா மதுவும் வைப்போம். முன்பெல்லாம் பத்துப் பேர் வந்தால் அதிகம். அந்த வருஷம் ஊரே வந்திருந்தது. ஊர்த் தலைவன் தோளுக்குக் குறுக்கே பதவிப் பட்டை அணிந்து வந்தான். ரிக்கார்தோ ஒரு சைக்கிள் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்து, வியர்வையோடும் ஒட்டிய காற்சட்டையோடும் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் மதுக் கோப்பையும் கொடுத்திருந்தான். உண்மையான சடங்கைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லியிருப்பான். ஜெபம் தொடங்கும் முன்னே இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தைத் தாண்டி முன்னால் வந்து நின்றார்.

செரஃபீனா எங்களோடு நிற்கவில்லை. வேனில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டியபடி நின்றாள்.

சாமியார் புத்தகத்தைப் பிரித்து, சிலுவை போட்டு, ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல மாதாவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மாதா எங்க?” என்றார்.

நாங்கள் எல்லோரும் அப்போதுதான் பார்த்தோம். மாடம் காலி. உள்ளே ஒரு சிலந்தி வலை, ஒரு வாடின பூ.

“திருடிட்டானுங்க,” என்று ஊர்த் தலைவன் தொடங்கினான். “நேத்து ராத்திரிதான் எவனோ...”

“ஜூன் மாசமே நான் எடுத்துட்டேன்,” என்றாள் செரஃபீனா.

அவள் வேனிலிருந்து முதுகை எடுக்காமலே பேசினாள், சாமியாரைப் பார்த்து.

“மூத்திரத்துக்கு நடுவுல வைக்க எனக்கு மனசு வரல, சாமி. வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன். தினம் இங்கதான் வண்டிய நிறுத்துறேன். தினம் இத்தனை பேர் இதுக்கு முன்னாடி நின்னு படம் எடுக்குறாங்க. ஒருத்தரும் கேக்கல. அவங்கள விடுங்க, அவங்களுக்கு என்ன தெரியும்.” ஊர்த் தலைவன் பக்கம் திரும்பினாள். “நீங்க போன மாசம் பத்திரிகைக்காரங்களோட இங்க நின்னு மாதா மேல சத்தியமா பேசினீங்க. மேல ஒரு தடவ பாக்கல.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீ வாராவாரம் இந்த வழியாத்தான் மண்டிக்குப் போறே, எவாஸியோ.”

போனேன்தான். நாற்றத்துக்குப் பயந்து அந்த வளைவில் என் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போனேன். சாமியார் புத்தகத்தை மூடினார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

பெஞ்சில் இருந்தவர்கள் என்ன நடக்கிறது என்று ரிக்கார்தோவிடம் கேட்டார்கள். அவன் கொஞ்சம் யோசித்தான். அந்த வெளுத்த பல்லோடு ஏதோ சொன்னான். அவர்கள் முகம் மலர்ந்தது. ஒரு கிழவர் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து செரஃபீனாவைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

“என்னடா சொன்னே?” என்று கேட்டேன்.

“கோடையில மாதாவ விதவை வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறது இந்த ஊரோட பழைய வழக்கம்னு சொன்னேன்,” என்றான் மெல்லிய குரலில். “வேற என்ன சொல்றது அண்ணே?”

ஊர்த் தலைவன் காதில் அது விழுந்தது. “நல்லாத்தான் இருக்கு,” என்றான். “ஊர்வலமாவே வெச்சிக்கலாம். வருஷா வருஷம்.” பக்கத்தில் நின்ற தேன்காரன் தலையாட்டினான். அவன் மனைவியும் தலையாட்டினாள். யாரோ அதற்குள் நெத்திலித் தட்டின் மூடியைத் திறந்துவிட்டார்கள். பூண்டு வாசனையும் மூத்திர வாசனையும் ஒன்றாக வந்தன.

செரஃபீனா வேன் சாவியை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தாள். ரிக்கார்தோ, “அம்மா, பெட்டியெல்லாம் யாரு இறக்குறது?” என்றான். அவள் தூணைச் சுற்றிக்கொண்டு தன் திராட்சை வரிசைக்குள் இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

சைக்கிள்காரர்கள் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாலையோரம் வந்து நின்று, அவள் போவதையும் படம் எடுத்தார்கள்.